பதினாறு பொட்டு வைத்த இரும்பு

1

இந்த வருடம் சரசுவதி பூசைக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் மகன் வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். மேலே மருமகள் கும்பம் வைத்து, பேரப்பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிவிட்டு, படியில் நின்று கேட்டாள். "மாமி, உங்கட சாமான் ஏதும் வைக்கப் போறீங்களோ?"

"என்னட்ட என்ன சாமான் கிடக்கு? நீங்கள் வையுங்கோ" என்றேன்.

போன வருடம் நான் ஒரு சாமான் வைத்தேன். அதனால் என் மகளுக்கு முன்னால் குற்றவாளியாக நின்றேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டி எழுத நேரம் எடுக்கும். எனக்கு இப்போது நேரத்துக்குக் குறைவில்லை. இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்; பிழை இருந்தால் அவர்கள் எழுத்தைத் திருத்தட்டும். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

2

மகள் பெயர் வதனி. எண்பத்தேழில் தனியாக ரொறன்ரோவுக்கு வந்தவள். முதலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினாள். பிறகு கார் திருத்தும் இடத்தில் கூட்டித் துடைக்கப் போனவள், அங்கேயே வேலை பழகி, சோதனை எடுத்து மெக்கானிக் ஆகிவிட்டாள்.

என்னைக் கூப்பிட அவள் படிவம் அனுப்பியபோது கொழும்பில் விசாவுக்கு நேர்முகம் நடந்தது. "உங்கள் மகள் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார்கள். மொழிபெயர்த்தவர் எங்கள் பக்கத்து ஆள். அவருக்கு முன்னால் என் பெண்பிள்ளை எஞ்சினுக்குக் கீழே படுக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒபிசில வேலை" என்றேன். படிவத்தில் மெக்கானிக் என்று இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்று என் கோப்பு எட்டு மாதம் கிடந்தது. வதனி ஏன் என்று கேட்டு எழுதினாள். நான் பதில் போடவில்லை.

வந்து பார்த்தால் மல்வேர்னில் வாடகை வீடு. கராஜுக்குள் ஒரு கார் சில்லு இல்லாமல் கட்டையில் நின்றது. முதலில் முன்றலில் நின்றதாம். இலக்கத் தகடு இல்லாத கார் வெளியில் நிற்கக் கூடாது என்று நகரசபை கடிதம் போட, நாலு பேரைப் பிடித்து உள்ளே தள்ளினாளாம். அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்காவில் செய்த கார். இளந்தாரிகள் வேகமாக ஓட வேண்டும் என்று பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின் பூட்டி விற்றார்களாம். அந்த எஞ்சினைத்தான் அவள் கழற்றிப் பரப்பி வைத்திருந்தாள்.

முந்தி வைத்திருந்தவர்கள் கிடைத்ததை எல்லாம் போட்டு ஓட்டியிருந்தார்கள். எது அந்த எஞ்சினுக்கு உரியது, எது வேறு காரில் இருந்து வந்தது என்று பிரித்து, உரியதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இரும்பிலும் வார்க்கும்போதே ஏழு இலக்கம் போட்டிருப்பார்கள். அதுதான் அதன் அடையாளம்.

எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும். கூப்பன் இலக்கமும் பஸ் இலக்கமும் பார்த்துச் சீவித்தவள் நான். ஊத்தை பிடித்த இரும்பில் அது மூன்றா எட்டா என்று வதனிக்குத் தெரியாத இடத்தில், மேலே கடுதாசியை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பேன். இலக்கம் எழும்பி வரும். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே பழைய கார்ச் சாமான் சந்தை நடக்கும். வதனி ஒரு பக்கத்தால் போவாள், நான் மறுபக்கத்தால் போவேன். சேலையோடு ஒருத்தி குனிந்து நின்று இரும்பில் கடுதாசி தேய்ப்பதைப் பார்த்து வெள்ளைக்காரர் சிரிப்பார்கள். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். "அம்மாவின்ர கண்ணுக்கு ஒண்டும் தப்பாது" என்று வதனி வேலையிடத்தில் சொன்னாளாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணீர் கூடுதலாக இறங்கியது.

கடைசியாகக் கிடைக்காமல் நின்றது ஒரு தண்டு. இங்கிலீசில் காம்சாஃப்ற் என்பார்கள். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் முட்டை முட்டையாகப் பதினாறு புடைப்பு. தண்டு சுழல, அந்த முட்டைகள்தான் எஞ்சினின் வாயைத் திறந்து மூடுகின்றனவாம். அதைத் தேடி ஒரு வருடமும் நாலு மாதமும் போனது. கடைசியில் வேறொரு மாகாணத்துக் கிழவர் ஒருவர் பெட்டி உடைக்காத தண்டு ஒன்றைத் தபாலில் அனுப்பினார். பெட்டியைத் திறந்து, இலக்கத்தைத் தேய்த்துப் பார்த்துச் சரி என்றேன். வதனி அன்றைக்கு என்னைக் கட்டிப் பிடித்தாள். அந்தக் கடுதாசியை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

3

புரட்டாதியில், மண்டபம் கிடைத்த நாளில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிற ஒரு மனுசி என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, உங்கட மகளுக்கு முப்பத்தொண்டு ஆகுதெல்லே. என்ன வேலை?"

"கார்க் கொம்பனி ஒண்டில. ஒபிசில."

வதனி எனக்குப் பின்னால் சோற்றுக் கோப்பையோடு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் நின்று, மூன்று நாலு நாள் கார் ஓடிப் போகிற தூரத்தில், கல்கரியில் பழைய கார்களை மட்டும் திருத்துகிற பெரிய இடம் ஒன்றில் தனக்கு வேலை சரிவந்திருக்கிறது என்றாள். ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாளாம்; இன்றைக்கு முடிவெடுத்துவிட்டாளாம். அங்கே ஏப்ரல் வரைக்கும் பொறுப்பார்கள், எஞ்சினைக் கட்டி முடித்து அந்தக் காரிலேயே போகப் போகிறேன் என்றாள்.

"நான்?"

"அண்ணாவோட அஜக்ஸில இருங்கோ."

"மருமகளின்ர கீழறையில பிள்ளை பார்த்துக்கொண்டு?"

"அங்க நீங்கள் ஆருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை அம்மா. அண்ணா ஒபிசிலதானே வேலை செய்யிறார்."

"அந்தக் கார் ஓடாது" என்றேன். "நீ இருந்து பார். அது ஓடக் கூடாது."

அவள் உடுப்பை எடுத்துக்கொண்டு கூட வேலை செய்கிற பெண் ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

4

அந்தக் கிழமைதான் நவராத்திரி. தனிய இருந்தேன். பெற்ற பிள்ளையின் உழைப்பை ஓடக் கூடாது என்று வாயால் சொல்லிவிட்டேனே என்று கராஜ் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். பூசைக்கு என் மகனின் பேனையை வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகளின் கொப்பியை வைத்திருக்கிறேன். வதனியின் ஆயுதம் ஒன்றையும் ஒரு வருடமும் நான் வைத்ததில்லை. ஆரும் வீட்டுக்கு வந்தால் பார்த்துவிடுவார்கள் என்ற வெட்கம்.

இந்த முறை வைப்போம் என்று நினைத்தேன். இருக்கிறதிலேயே பெரிய சாமானை வைப்போம் என்று.

தண்டைப் பெட்டியில் இருந்து எடுத்தேன். பழுப்புத் தாளில் சுற்றி, தேன் மாதிரித் தடித்த எண்ணெய் பூசியிருந்தது. சாமிக்கு முன்னால் பிசுக்கோடு வைக்கலாமோ? கொதிதண்ணீரில் கோப்பை கழுவுகிற சோப்பைப் போட்டு எண்ணெய் போகப் போகக் கழுவினேன். புதுத் துவாயால் துடைத்தேன். வெள்ளி மாதிரி மினுங்கியது. சந்தனத் தூளைப் பன்னீரில் குழைத்து ஒவ்வொரு முட்டையிலும் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பதினாறு பொட்டு. வாழையிலையில் கிடத்தி, கும்பத்தடியில் வைத்து விழுந்து கும்பிட்டேன். நான் சொன்ன சொல்லை எடுத்துப்போடு தாயே என்று கேட்டேன்.

பூசைக்கு வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. எங்கள் வழக்கம் அது. மூன்று நாள் நான் தொடவில்லை. காலையும் மாலையும் பூப் போட்டேன், தண்ணீர் தெளித்தேன்.

விஜயதசமி அன்று பின்னேரம் வதனி வந்தாள். கோபம் ஆறி வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். கையில் எனக்குப் பிடித்த மாதுளம்பழம் இருந்தது. படத்துக்கு முன்னால் கிடந்ததைக் கண்டு அப்படியே நின்றாள். போய் எடுத்து, விரலால் ஒரு பொட்டைத் துடைத்தாள். கீழே மண்ணிறத்தில் புண். அடுத்தது. அதுவும் புண். பதினாறையும் துடைத்தாள். பொட்டு இருந்த இடமெல்லாம் கறள் தின்று குழி விழுந்திருந்தது.

"இந்த எண்ணெய் ஏன் பூசியிருக்கு எண்டு நினைச்சனீங்கள்?"

"ஊத்தை எண்டு நினைச்சன் பிள்ளை."

"இதின்ர முகத்தில மயிர் அளவு குழி இருந்தாலும் எஞ்சினுக்குள்ள போடேலாது. உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது.

"ஓடக் கூடாது எண்டு சொன்னனீங்கள்தானே. வேணுமெண்டு செய்தனீங்களோ அம்மா?"

எழுபது வயதுக்குக் கிட்ட வந்துவிட்டேன். ஆமி வந்தும் எங்கள் வளவை விட்டு அசையாமல் நின்றவள் நான். யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். கொழும்பில் சொன்ன பொய்யும் கலியாண வீட்டில் சொன்ன பொய்யும் முன்னுக்கு வந்து நின்றன. என் 'இல்லை'க்கு இந்த வீட்டில் பெறுமதி இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

5

அதன் பிறகு ஒரே வீட்டில் இருந்தோம். அவள் வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பாட்டை மேலே எடுத்துக்கொண்டு போவாள். இரவில் நித்திரை இல்லை. என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். ஒரே வழி, அதே மாதிரித் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பது. கொடுத்தால் போய்விடுவாள். கொடுக்காவிட்டாலும் என்னை வஞ்சகி என்று நினைத்துக்கொண்டு போவாள். இரண்டிலும் போவாள்தான்.

சந்தைகள் குளிருக்கு மூடிவிட்டன. கைப்பையில் இருந்த கடுதாசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த பழைய சாமான் கடைகள் ஸ்காபரோவில் மூன்று. முதல் கடையில் கடுதாசியை நீட்டினேன். ஏழு இலக்கத்தையும் பார்த்த பெடியன் பாவப்பட்ட முகத்தோடு தொலைபேசியை எடுத்து அந்த இலக்கத்தை அமத்தி, பேசும்படி என்னிடம் கொடுத்தான். வழி தவறிய கிழவி, வீட்டு இலக்கத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்திருக்கிறான். அங்கே ஏதோ ஒரு மனுசி ஹலோ ஹலோ என்றாள். மெல்ல வைத்துவிட்டேன். இரண்டாவது கடையில் தலையை ஆட்டினார்கள். மூன்றாவது கடை அந்த இடத்தில் இல்லை.

பஸ் நிற்கிற இடத்தில் பனித் தூறலுக்குள் நின்று அழுதேன். ஒளித்து அழவில்லை, ஒளிக்க இடமில்லை.

அடுத்த வாசலில் பரமேசு என்கிற தம்பி அந்தக் கோடையில்தான் குடிவந்திருந்தார். ராக்சி ஓடுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் கேட்டேன்.

"என்ன அன்ரி, இரும்போ தேடுறீங்கள்? பழைய இரும்புக் கடை போடப் போறீங்களோ?"

"எஞ்சினுக்குத் தம்பி. இந்த இலக்கம்."

"ஆற்ர எஞ்சின்? உங்கட வீட்டில ஆம்பிளையே இல்லையே."

பத்து வருடமாக நான் விழுங்கிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "என்ர மகள் மெக்கானிக். எட்டுச் சிலிண்டர் எஞ்சினைத் தனியக் கட்டுறாள். அதுக்குத்தான்."

"வதனியோ? ஒபிசில எண்டு சொன்னீங்கள்?"

"பொய் சொன்னனான்."

பரமேசு கடுதாசியை வாங்கி இலக்கத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப என்ர ராக்சி இழுக்குது, அதையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோவன்" என்றார். அடுத்த நாள் ஆரையோ விசாரித்துக்கொண்டு வந்தார். பிறம்ரன் பக்கம் ஒரு கிழவன் பழைய எஞ்சின் சாமான்களைக் களஞ்சியம் களஞ்சியமாக வைத்திருக்கிறானாம்.

6

லொறிகள் நிரையாக நிற்கிற தெருக்களைத் தாண்டிப் போனோம். கிழவன் காதுவரை தொப்பி போட்டிருந்தான். பரமேசு இங்கிலீசில் விசயத்தைச் சொல்ல, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். ஒரு சுவர் முழுக்கத் தண்டுகள் கம்பியில் தொங்கின. கீழே பெட்டிகளிலும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்தேன். விரல் விறைத்தது. சில இடத்தில் கடுதாசி வைத்துத் தேய்த்தேன். பரமேசு இரண்டு தரம் வந்து, "அன்ரி, ராக்சி மீற்றர் ஓடுது" என்று பகிடி விட்டார். மூன்றாம் தரம் தன் கைலைற்றைக் கொண்டுவந்து பிடித்தார்.

கீழ்த் தட்டில் பெட்டி உடைக்காத ஒன்று. கிழவன் திறந்து தந்தான். ஏழு இலக்கத்தையும் என் கடுதாசியோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. என்ன விலை கொடுத்தேன் என்று எழுத மாட்டேன். தேன் எண்ணெய் சேலையெல்லாம் பட்டது. நான் துடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வதனி வேலையால் வந்ததும் மேசையில் வைத்தேன். அவள் தாளை விரித்தாள். இலக்கத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது, ஒரு கணம்தான். தண்டைத் திருப்பி நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கே இரண்டு எழுத்து வெட்டியிருந்தது.

"இது அது இல்லை அம்மா."

"இலக்கம் சரி."

"வார்க்கிற இரும்பு ஒண்டுதான். எல்லாத்துக்கும் அதே இலக்கம் வரும். பிறகு முட்டையைக் கடையிறதிலதான் வித்தியாசம். அது இந்த எழுத்திலதான் இருக்கும். இது வேகமா ஓடுற காருக்கு இல்லை. குடும்பக்காரர் கடைக்குப் போற காருக்கு."

இத்தனை நாளும் இலக்கம் தெரியும் என்று தலை நிமிர்த்தித் திரிந்தேன். நான் சரி என்று சொன்ன பிறகு, எனக்குத் தெரியாமல் அவள் ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பார்த்திருக்கிறாள். என் மனம் நோகக் கூடாது என்று சொல்லவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன்.

"எங்க எடுத்தனீங்கள்?"

"பிறம்ரன்."

"ஆரோட போனனீங்கள்?"

"பரமேசின்ர ராக்சியில."

"என்ன சொல்லிக் கேட்டனீங்கள் அந்தாளிட்ட?"

"என்ர மகள் மெக்கானிக் எண்டு."

அவள் தண்டைத் திரும்பத் தாளில் சுற்றினாள். மெதுவாக, ஓரம் மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் போனாள்.

7

மாரி முழுக்கக் கராஜுக்குள் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. தேத்தண்ணீரைக் கதவடியில் வைத்துவிட்டு வருவேன். கோப்பை வெறுமையாக இருக்கும். மகன் வந்து என் பெட்டிகளை ஒவ்வொன்றாக அஜக்ஸுக்குக் கொண்டுபோனான். பங்குனிக் கடைசியில் வீடு எதிரொலிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை வதனி கதவைத் தட்டினாள். "அம்மா, ஒருக்கா வாங்கோ."

கராஜ் கதவு திறந்திருந்தது. காருக்குச் சில்லுகள் இருந்தன. முன்மூடி திறந்து எஞ்சின் முழுதாக இருந்தது.

"உங்கட தண்டைத்தான் போட்டிருக்கிறன். ஓடும். பறக்காது" என்றாள். "எனக்கு ஒரு ஆள் வேணும். முதல் தரம் ஸ்ராட் பண்ணினா இருபது நிமிஷம் ஒரே வேகத்தில நிக்கவேணும். அப்பதான் முட்டையின்ர முகமும் அதில முட்டுற இரும்பும் ஒண்டுக்கொண்டு பழகும். இடையில வேகம் விழுந்தா எல்லாம் தேய்ஞ்சு போயிடும். நான் எண்ணெய் ஒழுகுதோ, தண்ணி கொதிக்குதோ எண்டு முன்னால நிண்டு பாக்கவேணும். நீங்கள் உள்ள இருந்து காலை அமத்திப் பிடிக்கவேணும்."

"நானோ?"

"இந்த ஊசி இரண்டில நிக்கவேணும். இலக்கம் தெரியும்தானே. காலை எடுக்காதேங்கோ."

ஓட்டுகிறவர் இருக்கிற பக்கத்தில் நான் வாழ்க்கையில் இருந்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவள் கையை நீட்டித் திறப்பைத் திருகினாள். இருமியது, நின்றது. திரும்பத் திருகினாள். பிறகு வந்த சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. "அமத்துங்கோ" என்று அவள் வாய் அசைந்தது. அமத்தினேன். ஊசி எழும்பி இரண்டில் வந்து நடுங்கியது.

அவள் முன்னுக்குப் போனாள். திறந்த மூடிக்கும் காருக்கும் இடையில் இருந்த நீக்கலில் அவள் வயிறும் கைகளும் மட்டும் தெரிந்தன. ஐந்து நிமிடத்தில் முழங்கால் குத்தத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரன் வெளியே வந்து காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினான். பரமேசு வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் தொடை இரும்பாகிவிட்டது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். காலைத் தூக்கினால் போதும் என்று நினைத்தேன். கிழவி, கால் பிடித்துக்கொண்டது என்றால் ஆரும் குறை சொல்ல மாட்டார்கள். காரை இப்படி விட்டுவிட்டு அவள் உடனே போக மாட்டாள், இன்னும் கொஞ்சக் காலம் என்னோடு இருப்பாள். அவளுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான், பரமேசு பக்கத்து வாசலில் இருக்க, என்னை வந்து கூப்பிட்டாள். அவள் ஒரு தரமும் மூடிக்குப் பக்கத்தால் எட்டி என் காலைப் பார்க்கவில்லை.

இரண்டு கையாலும் முழங்காலைக் கீழே அமத்திப் பிடித்தேன். ஊசியை மட்டும் பார்த்தேன். கண்ணீர் வந்து இலக்கம் கலங்க, தோளில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு. இரண்டு. இரண்டு.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்துக் கண்ணாடியடியில் வந்து நின்றாள்.

"போதும் அம்மா. இருபது ஆச்சு. எடுங்கோ."

"இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டோ பிள்ளை?"

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, என் பக்கத்தில் நிலத்தில் குந்தி, தன் கையை என் முழங்காலுக்கு மேல் வைத்து என்னோடு சேர்த்து அமத்தினாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள்.